இரண்டாவது நன்கொடை ஏன் வருவதில்லை?

சிறிய தொண்டு நிறுவனங்களில் நிதி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேள்விகள் ஒரே திசையில்தான் போகின்றன. புதிதாக யாரிடம் கேட்கலாம்? யாருக்குப் பெரிய மனிதர்களைத் தெரியும்? எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடலாம்? சென்ற ஆண்டு பணம் கொடுத்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்பவர் அரிது. பணம் கைநழுவிப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் 'நிதி திரட்டல் செயல்திறன் திட்டம்' ஆயிரக்கணக்கான அமைப்புகளின் நன்கொடைப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்கிறது. அதன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தெரியும் செய்தி இது: ஓர் ஆண்டு கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அடுத்த ஆண்டும் கொடுக்கிறார்கள். முதல்முறையாகக் கொடுத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஏறத்தாழ ஐவரில் ஒருவரே திரும்பி வருகிறார். ஆனால் இரண்டாவது முறையும் கொடுத்துவிட்டவர்கள் வேறு வகை. அவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் தொடர்ந்து கொடுக்கிறார்கள். முதல் நன்கொடைக்கும் இரண்டாவது நன்கொடைக்கும் இடையில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது.

இதை ஒரு எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அமைப்பு ஆண்டுதோறும் 100 புதியவர்களைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேர் மறு ஆண்டு கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் 60 சதவீதம் பேர் தங்குகிறார்கள் என்றால், அந்த இருபது மூன்றாம் ஆண்டில் 12 ஆகும், நான்காம் ஆண்டில் 7 ஆகும். இந்தப் போக்கு சில ஆண்டுகள் நீடித்தால், எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் பழைய நன்கொடையாளர் என்று சொல்லத் தக்கவர்கள் சுமார் 50 பேர்தான் இருப்பார்கள். முதல் ஆண்டில் தங்குவோரை 20இலிருந்து 40 ஆக்கிவிட்டால் அந்த எண்ணிக்கை 100 ஆகிவிடும். அமைப்பின் நிலையான வருமானம் இந்தப் பழையவர்களிடமிருந்துதான் வருகிறது. புதிதாக ஒருவரைக்கூடக் கூடுதலாகத் தேடாமல் அதை இரட்டிப்பாக்க முடியும் என்பதை நிர்வாகக் குழுக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் பலருடைய மனம் திடீர்ப் பெருக்கையே தேடுகிறது. 2014இல் உலகெங்கும் பரவிய ஐஸ் வாளிச் சவாலை, அதாவது தலையில் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மற்றவர்களையும் அப்படிச் செய்யவோ நன்கொடை கொடுக்கவோ அழைத்த இயக்கத்தை, அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்காவில் இயங்கும் சங்கத்துக்குச் சில வாரங்களில் சுமார் 11.5 கோடி டாலர் குவிந்தது உண்மை. அந்தப் பணம் வீணாகவும் இல்லை. அதன் துணையோடு நடந்த ஆய்வில் அந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு 2016இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டு அதே சவாலை மீண்டும் நடத்தியபோது வந்த தொகை, முதல் ஆண்டின் தொகைக்கு அருகில்கூட வரவில்லை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் ஓர் அமைப்பு இப்படியொரு அலைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. கொடுத்துவிட்டவரோடு ஓராண்டு முழுவதும் எப்படிப் பேசுவது என்று யோசிப்பதில் பொருள் இருக்கிறது.

கொடுத்தவர் விலகுவது எதனால்?

நிதி திரட்டலை நெடுங்காலம் ஆராய்ந்தவர் பேராசிரியர் ஏட்ரியன் சார்ஜன்ட். கொடுப்பதை நிறுத்திவிட்டவர்களிடமே காரணம் கேட்ட அவருடைய ஆய்வுகளில், கையில் பணமில்லை என்றவர்கள் ஒரு பகுதி மட்டுமே. வேறு பணிகளுக்குத் தேவை அதிகம் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். பணம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை என்றவர்கள் இருந்தார்கள். நன்றிகூடச் சொல்லவில்லை என்றவர்களும் இருந்தார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைப்பது இன்னொரு பதில்: அந்த அமைப்புக்குக் கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை என்றவர்களும் இருந்தார்கள். ஒருவர் தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை அவர் மறந்துபோகும் அளவுக்கு அந்த அமைப்பு மௌனமாக இருந்திருக்கிறது.

மௌனம் பெரும்பாலும் அலட்சியத்தால் வருவதில்லை. வேலைப்பளுவால் வருகிறது. சிறிய அமைப்பில் கணக்கு எழுதுபவரும், களப்பணிக்குப் போகிறவரும், தொலைபேசியை எடுப்பவரும் ஒருவராகவே இருப்பார். பணம் வந்தால் ரசீது போகும். ரசீதோடு கடமை முடிந்தது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும்.

ரசீது வேறு, நன்றி வேறு. ரசீது வரிக் கணக்குக்கும் தணிக்கைக்கும் உரியது. தொகையும் தேதியும் எண்ணும் சரியாக இருந்தால் போதும். நன்றிக் கடிதம் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எழுதுவது. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து அனுப்பும்போது இரண்டாவது காணாமல் போய்விடுகிறது.

'தங்களின் மேலான ஆதரவுக்கு எங்கள் நிறுவனத்தின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களைப் போன்ற கொடையாளர்களால்தான் எங்கள் பணி தொடர்கிறது.' இந்த இரண்டு வரிகளை உலகின் எந்த அமைப்பும் எவருக்கும் அனுப்பலாம். அதனால்தான் அவை எவருக்கும் எழுதப்பட்டவையாகத் தோன்றுவதில்லை. இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'நீங்கள் அனுப்பிய தொகை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மாலை நேரப் படிப்பு மையத்துக்கென்று குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே இப்போது 34 பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் வகுப்புக்கான கணிதப் பயிற்சி நூல்கள் போதாமல் இருவருக்கு ஒன்று என்று வைத்திருந்தோம். அந்தக் குறை இந்த வாரம் தீரும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்று எழுதுகிறேன்.' கீழே எழுதியவரின் பெயர், அவர் அங்கே செய்யும் வேலை, நேரடித் தொலைபேசி எண். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் பணம் எங்கே போனது என்று தெரிகிறது, அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிகிறது, யாரைக் கேட்கலாம் என்பதும் தெரிகிறது. இரண்டே நாளில் இந்தக் கடிதம் போய்விட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போகும் அழகான கடிதத்தைவிட மறுநாள் போகும் எளிய கடிதம் மேல்.

நன்றி சொன்னாலே போதும், அடுத்த நன்கொடை தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. அன்யா சமெக், சக் லாங்ஃபீல்ட் இருவரும் அமெரிக்காவில் ஆறு ஆண்டுகள் நடத்திய ஒரு கள ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் உள்ளிட்ட அமைப்புகளுக்குக் கொடுத்த லட்சக்கணக்கானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் தொலைபேசியில் நன்றி சொல்ல ஏற்பாடு செய்தார்கள். அழைப்பு நிச்சயம் பலன் தரும் என்று நிதி திரட்டும் துறையினர் எதிர்பார்த்தார்கள். அழைப்பு பெற்றவர்களும் பெறாதவர்களும் அடுத்து கொடுத்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. எழுதிக் கொடுத்த குறிப்பின்படி நடந்த சுருக்கமான அழைப்புகள் அவை. அதில் கேட்டவருக்குப் புதிதாக எந்தச் செய்தியும் கிடைத்திருக்காது என்பது என் கருத்து. நன்றி சொல்வது மரியாதை. பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது. கொடுத்தவரைக் கட்டிப்போடுவது, பணத்தால் நடந்த வேலையைப் பற்றிய செய்தி.

பரிசுப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். பேனா, பை, சாவிக்கொத்து என்று நன்றிப் பரிசு அனுப்பும் வழக்கம் பல அமைப்புகளில் இருக்கிறது. ஜார்ஜ் நியூமன், ஜெரெமி ஷென் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று அறிவித்தபோது மக்கள் கொடுத்த தொகை குறைந்தது. கொடுக்கும் எண்ணத்தோடு வந்தவருக்கு அது வாங்கல் விற்றல்போல ஆகிவிடுகிறது. அந்தச் செலவைத் தபால்தலைக்குப் போடலாம்.

கொடுத்த ஒவ்வொருவரையும் கண்ணில் படச் செய்வதன் வலிமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1885இல் சுதந்திர தேவி சிலைக்கு நியூயார்க்கில் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றிருந்தது. செல்வந்தர்கள் கைவிரித்த நிலையில், 'தி வேர்ல்டு' நாளிதழை நடத்திய ஜோசப் புலிட்சர் சாமானியர்களிடம் கேட்டார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயரை நாளிதழில் அச்சிடுவதாக உறுதி சொன்னார், அப்படியே செய்தார். சுமார் ஐந்து மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. சேர்ந்த தொகை எவ்வளவு, இன்னும் எவ்வளவு தேவை என்பதும் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது. இன்று பெயரை வெளியிட விரும்பாதவர்கள் பலர் உண்டு, அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். ஆனால் சிறு தொகை கொடுத்தவரையும் பெரிய தொகை கொடுத்தவரோடு ஒரே பட்டியலில் நிறுத்திய அந்த மனப்பாங்கு சிறிய அமைப்புகளுக்கு மிகவும் பொருந்தும்.

கேட்பதில் உள்ள நுட்பம்

கேட்கக் கூசுகிறவர்களால் நிதி திரட்ட முடியாது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று தேவையில்லை என்றாலும், ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு பரிசோதனை கேட்பதன் இரு முகங்களையும் காட்டுகிறது. பாஸ்டன் அருகே ஒரு பல்பொருள் அங்காடியின் வாசல்களில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் தன்னார்வலர்கள் மணியடித்து நிதி திரட்டினார்கள். சில வேளைகளில் மணி மட்டும் அடித்தார்கள். சில வேளைகளில் வருவோர் முகத்தைப் பார்த்து, 'தயவுசெய்து கொடுங்கள்' என்றார்கள். வாய்விட்டுக் கேட்டபோது வசூல் ஏறத்தாழ 75 சதவீதம் கூடியது. அதே நேரத்தில், அந்த வாசல் வழியே செல்லக்கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதைத் தவிர்த்து வேறு வாசலைப் பயன்படுத்தினார்கள்.

ஒரே நாளில் முடிந்துபோகும் வசூலுக்கு இது இலாபம். ஆண்டுக்கணக்கில் உறவு தேவைப்படும் அமைப்புக்கு அந்த மூன்றில் ஒரு பங்கினர் முக்கியம். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். மறுக்கவும் மனமில்லாமல், அந்த நேரத்தில் கொடுக்கவும் முடியாமல் சங்கடத்திலிருந்து விலகிப் போனவர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் கைநீட்டினால், அமைப்பின் பெயரைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைப்பவர்களும் இவர்களேதான். ஆண்டுக்கு எத்தனை முறை கேட்பது என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. ஆனால் ஒருமுறை கேட்பதற்கு முன்னால், எதையும் கேட்காத இரண்டு செய்திகளாவது போயிருக்க வேண்டும் என்ற வழக்கத்தைச் சிறிய அமைப்பு வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேட்பது நல்லது. 'இயன்றதைக் கொடுங்கள்' என்பது பணிவாகத் தோன்றினாலும், எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று கணிக்கும் சுமையைப் படிப்பவர் தலையில் வைத்துவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்துக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் அவருக்கு அளவுகோல் கிடைக்கிறது. சென்ற முறை அவர் கொடுத்ததை நினைவில் வைத்துக் கேட்பது இன்னும் நல்லது. நூறு கொடுத்தவரிடம் பத்தாயிரம் கேட்கும் கடிதம், அவர் முன்பு கொடுத்ததை யாரும் கவனிக்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறது.

ஈட்டுத்தொகை உத்தியைப் பலர் அறிவார்கள்: நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்னொரு கொடையாளர் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பார் என்பது. பொருளியலாளர்கள் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பி இதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஈட்டுத்தொகை உண்டு என்று சொன்னதால், அனுப்பிய கடிதம் ஒன்றுக்கு வந்த வரவு 19 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்றாலும் பலனில் வேறுபாடு இல்லை. ஆகவே பெரிய கொடையாளர் ஒருவர் முன்வந்தால், அவருடைய தொகையை ஒன்றுக்கு ஒன்று என்றே நீட்டிப் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை: அவர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். எப்படியும் கொடுக்கப்போகும் தொகையை ஈட்டுத்தொகை என்று அறிவிப்பது பொய். பொய் என்று தெரிந்த நாளில் எல்லாக் கடிதங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அடுத்தது கதைகள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனையை நிதி திரட்டுவோர் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கையில் 5 டாலர் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் ஆப்பிரிக்காவின் பசிக் கொடுமை பற்றிய புள்ளிவிவரங்களைப் படித்தார்கள். அவர்கள் சராசரியாகக் கொடுத்தது 1.14 டாலர். மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் கதையையும் புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர். எண்கள் சேர்ந்ததும் மனம் பின்வாங்கிவிடுகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் தவறாகவும் போகலாம். கண்ணீர் நிறைந்த முகத்தைப் பெரிதாக அச்சிட்டால் பணம் வரும் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முகத்துக்கு உரியவர் அதே ஊரில் வாழ்கிறார், அவருடைய பிள்ளை அதே பள்ளிக்குப் போகிறது. பசித்த குழந்தைகளின் படங்களைப் பயன்படுத்துவது பற்றி எழுந்த விமர்சனங்களுக்குப் பிறகு, ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் படங்களுக்கும் செய்திகளுக்குமான நடத்தை நெறி ஒன்றை 1989இல் ஏற்றுக்கொண்டன. 2006இல் அதைத் திருத்தி அமைத்தன. மனித மாண்பைக் காப்பது, சம்பந்தப்பட்டவரின் முழுச் சம்மதத்தோடு படத்தையும் கதையையும் பயன்படுத்துவது ஆகியவை அதன் அடிப்படை. சிறிய அமைப்புக்கு நான் சொல்லக்கூடிய சோதனை ஒன்றுதான். எழுதிய கதையை யாரைப் பற்றி எழுதினோமோ அவரிடமே வாசித்துக் காட்ட முடியுமா? முடியாது என்றால் அந்தக் கதையை அனுப்பக் கூடாது. வாசித்துக் காட்டிய பிறகு அவர் திருத்தச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் கதையை மேலும் உண்மையாக்கும். தான் என்ன முயற்சி எடுத்தார் என்பதைச் சேர்க்கச் சொல்வார். அமைப்பு எழுதிய முதல் வடிவத்தில் அது விட்டுப்போயிருக்கும்.

சொன்னதும் செய்ததும்

பெரிய அமைப்புகள் இரண்டின் அனுபவம் இந்த இடத்தில் விரிவாகப் பார்க்கத் தக்கது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'லிபர்ட்டி நிதி' என்ற பெயரில் தனிக் கணக்கைத் திறந்தது. 50 கோடி டாலருக்கும் மேல் வந்து குவிந்தது. கொடுத்தவர்கள் தாக்குதலில் உயிரிழந்தோரின் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் மனத்தில் வைத்தே கொடுத்தார்கள். சங்கமோ அதில் ஒரு பெரும் பகுதியை எதிர்காலத் தாக்குதல்களுக்கு ஆயத்தமாவது, இரத்த இருப்பைப் பெருக்குவது போன்ற பணிகளுக்கு ஒதுக்கத் திட்டமிட்டது. அந்தப் பணிகள் தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொடுத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சர்ச்சைகளின் நடுவே சங்கத்தின் தலைவர் பதவி விலகலை அறிவித்தார், நாடாளுமன்றக் குழு விசாரித்தது. நவம்பர் நடுவில் சங்கம் மன்னிப்புக் கேட்டு, முழுத் தொகையும் பாதிக்கப்பட்டவர்களுக்கே போகும் என்று அறிவித்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. உலகெங்குமிருந்து பணம் வந்துகொண்டிருந்த 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு ஒரு வியப்பான அறிவிப்பைச் செய்தது. ஆழிப்பேரலைப் பகுதியில் தன்னால் செய்ய முடிந்த மருத்துவப் பணிக்குப் போதுமான தொகை வந்துவிட்டது, இனி இந்தத் தலைப்பில் அனுப்ப வேண்டாம் என்றது. மற்ற அமைப்புகள் அதன்மீது வருத்தப்பட்டன. கொடுக்கும் மனத்தை இது அணைத்துவிடும் என்றன. கூடுதலாக வந்துவிட்ட தொகையை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டு அந்த அமைப்பு கொடையாளர்களுக்கு எழுதியது. விருப்பமில்லாதவர்களுக்குத் திருப்பித் தரவும் ஆயத்தமாக இருந்தது. மிகப் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். அந்தப் பணம் டார்ஃபூர், நைஜர் போன்ற, உலகின் கவனம் எட்டாத இடங்களுக்குப் போனது.

இரண்டு அமைப்புகளுக்கும் வந்த சிக்கல் ஒன்றுதான்: ஒரு தலைப்பில் தேவைக்கு மேல் பணம். ஓர் அமைப்பு தானாக முடிவெடுத்தது, இன்னொன்று கேட்டது. கேட்டபோது மக்கள் மறுக்கவில்லை என்பதை நினைவில் நிறுத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று பெற்ற தொகையை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டமும்கூட. சிறிய அமைப்புகளில் இது கெட்ட எண்ணத்தால் மீறப்படுவது குறைவு. சம்பள நாள் நெருங்கும், கட்டட நிதியில் பணம் இருக்கும், அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுப்பார்கள். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. முடிந்தவரை, 'அமைப்பின் பணிகளுக்கு' என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கேட்டே ஆக வேண்டும் என்றால், 'தேவைக்கு மேல் சேரும் தொகை இன்ன பணிக்குப் போகும்' என்ற ஒரு வரியை வேண்டுகோளிலேயே அச்சிட்டுவிடுவது இன்னொன்று. அந்த ஒரு வரி பின்னால் வரக்கூடிய பெரிய சங்கடத்தைத் தடுக்கும்.

நிர்வாகச் செலவு பற்றிய பேச்சும் இதே நேர்மையைச் சேர்ந்ததுதான். 'நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நேராகப் பயனாளிக்கே போகும்' என்று எழுதாத சிறிய அமைப்பு குறைவு. பெரும்பாலும் அது உண்மையல்ல. வாடகையும் மின்கட்டணமும் தணிக்கையாளர் கட்டணமும் எங்கிருந்தோ வந்துதான் ஆக வேண்டும். கொடையாளர் எதிர்பார்ப்புக்கு அஞ்சி அமைப்புகள் இந்தச் செலவைக் குறைத்துக் காட்டுவதும், அதைப் பார்த்துக் கொடையாளரின் எதிர்பார்ப்பு இன்னும் குறைவதும், முடிவில் அமைப்புகள் பழுதான கணினியோடும் பயிற்சியில்லாத ஊழியரோடும் தவிப்பதும் ஒரு சுழலாகிவிட்டது என்பதை ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்டு இருவரும் 2009இல் எழுதிய கட்டுரை விளக்கியது. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை அளக்காதீர்கள் என்று அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று முன்னணி அமைப்புகளே 2013இல் கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின.

கொடையாளரின் உணர்வும் பொருட்படுத்தத் தக்கதே. யூரி நீசி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 40,000 பேருக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது. நிர்வாகச் செலவை ஒரு பெரிய கொடையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார், உங்கள் பணம் முழுவதும் திட்டத்துக்கே போகும் என்று சொல்லப்பட்ட பிரிவினர், வெறும் வேண்டுகோள் மட்டும் பெற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்தார்கள். ஆகவே பெரிய கொடையாளர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் கட்டடத்தையும் வாகனத்தையும் கேட்பதைவிட, ஓராண்டு நிர்வாகச் செலவைக் கேட்பது அறிவுடைமை. அப்படிச் செய்துவிட்டால் மற்றவர்களிடம் அந்த வாக்கியத்தை மனச்சாட்சியோடு எழுதலாம். அப்படி ஒருவர் கிடைக்காதபோது, செலவை மறைக்காமல் அதன் பணியைச் சொல்ல வேண்டும். கணக்கர் ஒருவர் இருப்பதால்தான் உங்கள் பணம் எங்கே போனது என்று எங்களால் சொல்ல முடிகிறது என்று எழுதினால் பெரும்பாலோருக்குப் புரியும்.

தோல்விகளையும் எழுத வேண்டும். இது பலருக்கு அச்சமூட்டும் யோசனை என்று அறிவேன். கனடாவின் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2008 முதல் தன் திட்டங்களில் எது தவறியது, ஏன் தவறியது என்று தனித் தோல்வி அறிக்கையே வெளியிட்டது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதலாம். தையல் பயிற்சியில் இருபது பேர் சேர்ந்து ஒன்பது பேர்தான் முடித்தார்கள் என்றால், வகுப்பு நேரம் வீட்டுவேலை நேரத்தோடு மோதியதைக் கண்டுபிடித்தோம், அடுத்த அணிக்கு நேரத்தை மாற்றியிருக்கிறோம் என்று எழுதலாம். எல்லாமே வெற்றி என்று எழுதும் அறிக்கையை யாரும் முழுதாக நம்புவதில்லை. சரிவர நடக்காததை அமைப்பே முன்வந்து சொல்லும்போது, நன்றாக நடந்தது என்று சொல்வதும் நம்பும்படி ஆகிறது.

ஒரு தாளும் ஒரு ஆளும்

இவை எதற்கும் விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. சில நூறு கொடையாளர்கள் உள்ள அமைப்புக்கு ஓர் எக்செல் தாள் போதும். பெயர், அவர் எழுதும் எழுத்துகளிலேயே. கொடுத்த தேதிகள், தொகைகள், எந்த நோக்கத்துக்கு என்பது. நன்றிக் கடிதம் போன தேதி. எப்படித் தொடர்பு கொள்வதை விரும்புகிறார்: கடிதமா, மின்னஞ்சலா, வாட்ஸ்ஆப்பா, எதுவும் வேண்டாமா. கடைசியாக, அவர் சொன்னது என்ற ஒரு பத்தி. தாயின் நினைவாகக் கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அதை அறிந்த ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் அந்த நினைவு அமைப்பில் தங்கும். இந்தத் தாளுக்கு ஓர் ஆள் பொறுப்பு என்று பெயர் குறித்துவிட வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாரும் நிரப்ப மாட்டார்கள். அறங்காவலர்களுக்கும் இதில் வேலை உண்டு. மாதத்துக்கு ஐந்து கொடையாளர்களோடு அவர்கள் பேசி, களத்தில் நடப்பதைச் சொல்லி, கேட்டுத் தெரிந்ததைத் தாளில் எழுதலாம்.

அந்தத் தாளைப் பூட்டி வைப்பதும் கடமை. 2015இல் பிரிட்டனில் ஒரு மூதாட்டியின் மரணத்துக்குப் பிறகு வெளிவந்த செய்திகள் அந்நாட்டையே உலுக்கின. அவருடைய முகவரி 99 தொண்டு அமைப்புகளின் பட்டியல்களில் இருந்தது, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான வேண்டுகோள் கடிதங்கள் அவர் வீட்டுக்குப் போயின என்று விசாரணை கண்டது. அவர் இறந்ததற்கு அந்தக் கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தினரே தெளிவுபடுத்தினார்கள். ஆனாலும் அமைப்புகள் தங்களுக்குள் முகவரிகளைப் பகிர்ந்துகொண்டதும் விற்றதும் வெளிச்சத்துக்கு வந்தன. 2016இல் அங்கே நிதி திரட்டலுக்கென்று தனி ஒழுங்காற்று அமைப்பு உருவானது. மறு ஆண்டு, 'இந்த அமைப்பு இனி எனக்கு எழுத வேண்டாம்' என்று பொதுமக்கள் பதிவுசெய்யும் சேவையும் வந்தது. அமெரிக்காவில் 1993இல் வகுக்கப்பட்ட கொடையாளர் உரிமைச் சாசனத்திலும், தன் பெயரைப் பகிரும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. சிறிய அமைப்புக்கு விதி இன்னும் எளிது. கொடையாளர் பட்டியலை எவருக்கும், நல்ல நோக்கமுள்ள நட்பு அமைப்புக்கும்கூட, கொடுக்கக் கூடாது.

அந்தத் தாளை ஆண்டுக்கு இருமுறை எடுத்து, 14 மாதங்களுக்கு மேல் எதுவும் கொடுக்காதவர்களைத் தனியே பிரித்துப் பார்க்கலாம். அவர்களுக்குப் போகும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: 'சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்ததால் நடந்தது இது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து செய்தி இல்லை. நாங்கள் எழுதியதிலோ செய்ததிலோ குறை இருந்தால் அறிய விரும்புகிறோம். தொடர்ந்து செய்தி அனுப்பலாமா, நிறுத்திவிடலாமா என்று ஒரு வரி எழுதினால் போதும்.' பலர் பதில் எழுத மாட்டார்கள். சிலர் நிறுத்தச் சொல்வார்கள். அன்றே நிறுத்திவிட வேண்டும். சிலர் ஓய்வுபெற்றுவிட்டதாகவோ வேலை போனதாகவோ எழுதுவார்கள். அவர்களுக்குப் பணம் கேட்காத செய்திமடல் தொடர்ந்து போகட்டும். ஒரு சிலர், முன்பு அனுப்பிய தொகைக்கு ரசீதே வரவில்லை என்று எழுதுவார்கள். அந்தப் பதிலுக்குத்தான் முதலில் உட்கார வேண்டும்: பழைய கணக்கைத் தேடி எடுத்து, ரசீதையும் அந்தப் பணத்தால் நடந்ததையும் எழுதி, பொறுப்பில் உள்ளவரே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.